விடுவித்த நினைவகத்தைத் தொடும் கெர்னல் பிழையைப் பிடிப்பது எப்படி?

லினக்ஸ் கெர்னலில் விடுவித்த நினைவகத்தைப் பழைய பாயிண்டர் தொட்டாலும் உடனே எதுவும் உடையாமல் போகலாம். ஆபத்தே அதுதான்: அந்த இடத்தில் தாக்குபவர் தன் தரவை நிரப்ப வழி கிடைக்கிறது.

கெர்னலின் நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கருவியான கேசானின் (KASAN) ஜெனரிக் வகையை இயக்கி கெர்னலைக் கம்பைல் செய்யுங்கள். எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று குறித்துவைக்க 8 பைட்டுக்கு 1 பைட் நிழல் நினைவகம் வைப்பதால் ரேமில் எட்டில் ஒரு பங்கு போகும். ஓட்டமும் சுமார் 3 மடங்கு மந்தமாகும். சோதனைக் கணினியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிழை நேர்ந்ததும் கெர்னல் லாகில் மூன்று தடங்கள் (எந்த ஃபங்ஷன்கள் வழியாக வந்தது என்ற பட்டியல்கள்) வரும்: தொட்டது, ஒதுக்கியது, விடுவித்தது. விடுவித்த தடத்தை முதலில் படியுங்கள். ரெஃபரன்ஸ் கணக்கோ (நினைவகத்தை எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்ற எண்ணிக்கை) லாக்கிங்கோ (ஒரே நேரத்தில் பலர் தொடாமல் பூட்டுவது) பிசகியது பெரும்பாலும் அங்கே தெரியும். பாயிண்டரை வெறுமையாக (NULL) ஆக்கினால் போதாது, வேறெங்காவது அதன் நகல் இருக்கலாம். இயல்பாக முதல் பிழை மட்டுமே பதிவாகும், அதைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.