பில்லைக் கண்ணாடியில் ஒட்டுவது: ஊழியர்களுக்காக ஒரு மளிகைக் கடையைப் புறக்கணிக்கும் முறை

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இருந்த மார்க்கெட் பாஸ்கெட் கடைகளில் காய்கறித் தட்டுகள் காலியாகக் கிடந்தன. இறைச்சிப் பெட்டிகளில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நிறைந்திருந்த ஒரே இடம் முகப்புக் கண்ணாடிதான். போட்டிக் கடைகளில் சாமான் வாங்கிய பில்களை வாடிக்கையாளர்கள் கொண்டுவந்து செலோடேப் போட்டு அங்கே ஒட்டியிருந்தார்கள். உள்ளே வரவேண்டிய பணம் எந்தக் கடைக்கு, எவ்வளவு போனது என்பதைப் போகிறவர் வருகிறவர் எல்லாரும் படித்துப் பார்க்க முடிந்தது.

உரிமையாளர் குடும்பத்துக்குள் இருந்த சண்டையில், அந்த ஆண்டு ஜூன் 23 அன்று இயக்குநர் குழு தலைமை நிர்வாகி ஆர்தர் டி. டெமூலஸைப் பதவியிலிருந்து நீக்கியது. 71 கடைகளும் ஏறத்தாழ 25,000 ஊழியர்களும் கொண்ட அந்நிறுவனத்தில் தொழிற்சங்கம் கிடையாது. ஆனால் இலாபத்தில் பங்கு கொடுக்கும் ஏற்பாட்டை அவர் காத்துவந்தார் என்பது ஊழியர்களின் நம்பிக்கை. அவரைத் திரும்பக் கொண்டுவரக் கோரி ஜூலை நடுவில் கிடங்குத் தொழிலாளர்களும் லாரி ஓட்டுநர்களும் சரக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். கடை ஊழியர்களோ வேலைக்கு வந்து நின்றபடியே, தயவுசெய்து இங்கே வாங்காதீர்கள் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். விற்பனை வழக்கமானதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியதாக அப்போது செய்திகள் வந்தன. ஆகஸ்டு 27 அன்று, எதிர்த்தரப்பு உறவினர்களின் பங்குகளை ஆர்தர் டி. வாங்கிக்கொள்வதாக உடன்பாடு ஏற்பட்டது. மளிகை வாங்குபவர்கள் ஊழியர்களோடு சேர்ந்து நின்றதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவில் அண்மைக்காலத்தில் இல்லை என்பது என் கருத்து. ஆகவே கீழே சொல்லும் முறையில் பெரும்பகுதி அதிலிருந்து எடுத்ததே.

முதலில் செய்யவேண்டியது, ஊழியர்கள் புறக்கணிப்பைக் கேட்கிறார்களா என்று உறுதி செய்துகொள்வது. நல்லெண்ணம் கொண்டவர்கள் அவசரப்பட்டுத் தவறும் இடம் இதுதான். ஒரு கடையில் விற்பனை குறைந்தால் நிர்வாகம் முதலில் கைவைப்பது பகுதிநேர ஊழியர்களின் வேலை நேரத்தில்; மார்க்கெட் பாஸ்கெட்டிலும் அந்த ஆகஸ்டில் அதுவே நடந்தது, பலருக்கு வாரத்தில் ஒரு மணி நேர வேலைகூடக் கிடைக்கவில்லை. அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ள அவர்களே முடிவெடுத்திருந்தால் நாம் துணை நிற்கலாம்; அவர்களைக் கேட்காமல் அவர்கள் பெயரில் நாம் முடிவெடுப்பது முறையன்று. சங்கம் இருக்கும் கடையென்றால் சங்கத்தின் உள்ளூர்க் கிளை வெளியிடும் அறிவிப்பைப் படியுங்கள். பேச்சுவார்த்தை நடக்கிறது என்ற அறிவிப்பும், வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது என்ற அறிவிப்பும், எங்கள் கடையில் வாங்காதீர்கள் என்ற வேண்டுகோளும் வெவ்வேறானவை. மூன்றாவது வந்த பிறகே புறக்கணிப்பு. சங்கம் இல்லாத கடையில் ஊழியர்களிடமே கேட்கலாம், ஆனால் பில் போடும் இடத்தில், மேலாளர் காதுபடக் கேட்காதீர்கள். வாசலில் பதாகையோடு நிற்பவரிடம், அல்லது வேலை முடிந்து வெளியே வருபவரிடம் இரண்டு நிமிடம் பேசினால் போதும்.

அப்படிப் பேசும்போது, எது கிடைத்தால் போராட்டம் முடியும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 11 அன்று மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட் மாநிலங்களில் ஸ்டாப் அண்ட் ஷாப் நிறுவனத்தின் 31,000 ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மருத்துவக் காப்பீட்டுக்கு ஊழியர் கட்டவேண்டிய பங்கு, ஓய்வூதியம், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கான கூடுதல் சம்பளம் எனக் கோரிக்கைகள் துலக்கமாக இருந்தன. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கக்கூடியவையாகவும் இருந்தன. மார்க்கெட் பாஸ்கெட்டில் கோரிக்கை ஒரே மனிதரைப் பற்றியது. அவர் திரும்பி வந்தார், ஊழியர்கள் கொண்டாடினார்கள். ஆனால் 2025 செப்டம்பரில் இயக்குநர் குழு அவரை மீண்டும் நீக்கியது. வாடிக்கையாளர் இதில் யாருக்கும் பாடம் சொல்லவேண்டியதில்லை. தாம் எதற்காகக் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்பது தமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அடுத்து, உரிமையாளர் யார் என்று பாருங்கள். கடையின் பெயர்ப்பலகை ஒன்று, பணம் போய்ச் சேரும் பெட்டி வேறு. ஸ்டாப் அண்ட் ஷாப், ஹானஃபோர்ட், ஃபுட் லயன் ஆகிய மூன்றும் நெதர்லாந்தில் தலைமையகம் கொண்ட அஹோல்ட் டெல்ஹைஸ் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். வீட்டுக்கே மளிகை கொண்டுவந்து கொடுத்த பீபாட் சேவையும் அவர்களுடையதாகவே இருந்தது. ஆகவே ஸ்டாப் அண்ட் ஷாப்பை விட்டு ஹானஃபோர்டில் வாங்கியவர் வலது பையிலிருந்த பணத்தை அதே சட்டையின் இடது பையில் போட்டவர் ஆகிறார். அதேபோல ஷாஸ், ஸ்டார் மார்க்கெட், சேஃப்வே, வான்ஸ் ஆகியவை இன்று ஆல்பர்ட்சன்ஸ் குடும்பம். ரால்ஃப்ஸும் கிங் சூப்பர்ஸும் குரோகர் குடும்பம்.

உரிமையாளர் வேறாக இருந்தாலும் ஏமாற வாய்ப்பு உண்டு என்பதைத் தெற்குக் கலிஃபோர்னியா காட்டியது. வான்ஸ், ரால்ஃப்ஸ், ஆல்பர்ட்சன்ஸ் மூன்றும் அப்போது வெவ்வேறு உரிமையாளர்களுடையவை. 2003 அக்டோபரில் அங்கே வான்ஸ் கடைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியதும், ரால்ஃப்ஸும் ஆல்பர்ட்சன்ஸும் தம் ஊழியர்களை வேலைக்கு விடாமல் கதவடைப்பு செய்தன. மக்களுக்குச் சாமான் வாங்க ஓர் இடமாவது இருக்கட்டும் என்று எண்ணி, அந்த மாத இறுதியில் சங்கம் ரால்ஃப்ஸ் வாசலிலிருந்து மறியலை விலக்கிக்கொண்டது. வாடிக்கையாளர்களும் நல்ல மனத்தோடு அங்கே போனார்கள். ஆனால் போராட்டக் காலத்தில் ஒருவரின் வருவாயை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வதாக அந்நிறுவனங்கள் தமக்குள் ஒப்பந்தம் போட்டிருந்தன. போராட்டம் ஏறத்தாழ நான்கரை மாதம் நீண்டது. முடிவில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் குறைந்த சம்பளம் என்ற இரட்டை அடுக்கைத் தொழிலாளர்கள் ஏற்கவேண்டி வந்தது. எங்கே வாங்கலாம் என்று சங்கமே சொன்னாலும் அந்தக் கடைக்காரர் யாரோடு கூட்டு என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இனி வீட்டுக்கணக்கு. ஒரு வாரத்துக்கு மட்டும் திட்டமிட்டால் இரண்டாம் வாரம் பால் தீர்ந்ததும் கால் பழைய கடைக்கே நடக்கும். ஆறு வாரத்துக்குத் தாங்கும்படி மாற்றுக் கடையை முடிவு செய்யுங்கள். பாஸ்டன் புறநகர்களில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எப்படியும் இந்தியக் கடையிலிருந்து வருவதால் அவர்கள் மாற்றவேண்டியது பால், தயிர், பழம், காய்கறி ஆகியவைதாம்; அதையும் வாரம் ஒரு நடையில் முடித்துவிடலாம். கடைக்குள்ளேயே மருந்துப் பிரிவு இருந்தால் மருந்துச்சீட்டை வேறு மருந்தகத்துக்கு மாற்றிக்கொள்வதை முதல் நாளே செய்யுங்கள். புதிய மருந்தகத்துக்குத் தொலைபேசினால் பெரும்பாலும் அவர்களே பழைய இடத்தோடு பேசி முடித்துவிடுவார்கள். பண்டிகை குறுக்கிட்டால் இன்னும் முன்கூட்டி யோசிக்கவேண்டும். ஸ்டாப் அண்ட் ஷாப் வேலைநிறுத்தம் யூதர்களின் பாஸ்கா பண்டிகையை ஒட்டி வந்தது. மறியலைத் தாண்டிப் போய்ப் பண்டிகைச் சாமான் வாங்க வேண்டாம் என்று யூத குருமார்கள் சிலர் தம் சபையாருக்குச் சொன்னார்கள்.

காரில்லாத முதியவர், கடையை விட்டால் வேறு வழியில்லாத தெருக்காரர் ஆகியோரை வற்புறுத்தாதீர்கள். மார்க்கெட் பாஸ்கெட்டின் பெருமையே விலை குறைவு என்பதுதான். அதை விட்டு வெளியே வாங்கியவர்களில் இல்லாதவர்களுக்கே சுமை அதிகம். உங்களிடம் கார் இருந்தால் வாரம் ஒருமுறை அவர்களை மாற்றுக் கடைக்கு அழைத்துப் போவது பத்துப் பதாகைக்குச் சமம்.

இப்போது பில். வாங்காமல் இருப்பது கண்ணுக்குத் தெரியாத செயல். வராத வாடிக்கையாளர் ஊருக்குப் போயிருக்கிறாரா, கோபத்தில் இருக்கிறாரா என்று தலைமையகத்துக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பில்லையும் எடுத்து வையுங்கள். ஒட்டுவதற்கு முன் வங்கி அட்டையின் கடைசி இலக்கங்கள், தள்ளுபடி அட்டை எண், மருந்துப் பெயர்கள் ஆகியவற்றைக் கறுப்பு மையால் அழித்துவிட்டு, கடைப் பெயர், தேதி, மொத்தத் தொகை மூன்றும் தெரியும்படி விடுங்கள். மொத்தத் தொகையைத் தடித்த பேனாவால் வட்டமிட்டால் தள்ளி நிற்பவருக்கும் தெரியும். பில் தாள் வெயிலில் நாலே நாளில் வெளுத்துவிடும் என்பதால் ஒட்டுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டலாமா என்று வாசலில் நிற்கும் ஊழியரைக் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். அதைக் கிழித்துத் துடைக்கும் வேலையும் கடைசியில் ஓர் ஊழியர் தலையில்தான் விழும். மாதக் கடைசியில் படங்களைக் கூட்டிக் கணக்குப் போட்டு, கடை மேலாளருக்கு அல்லாமல் நிறுவனத்தின் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். நீண்ட கண்டனம் தேவையில்லை. “எங்கள் குடும்பம் ஒன்பது ஆண்டுகளாக உங்கள் கடையில் மாதம் ஏறத்தாழ 600 டாலருக்கு வாங்கி வந்தது, இந்த மாதம் அந்தத் தொகையை வேறு கடைகளில் செலவிட்டோம், பில்களின் படிகள் இத்துடன் உள்ளன, ஊழியர்களோடு உடன்பாடு ஏற்பட்ட அன்றே திரும்பி வருவோம்” என்ற அளவில், உங்கள் உண்மையான எண்களோடு எழுதினால் போதும்.

சட்டத்தைப் பொறுத்தவரை வாடிக்கையாளருக்கு அச்சமில்லை. 1947-இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், தகராறில் சம்பந்தமில்லாத மூன்றாம் நிறுவனங்களை நெருக்கும் புறக்கணிப்பைத் தொழிற்சங்கங்களுக்குத் தடுக்கிறது. தம் பணத்தை எங்கே செலவிடுவது என்று சொந்தமாக முடிவெடுக்கும் குடும்பத்தை அது தொடுவதில்லை. மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தது தொடர்பான வழக்கில், வன்முறையற்ற புறக்கணிப்பு அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு பெற்றது என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாசலை மறித்து நிற்பது, பொருளைச் சேதப்படுத்துவது, நிறுவனத்தைப் பற்றித் தெரிந்தே பொய் பரப்புவது ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தள்ளுவண்டி நிறையச் சாமானை அடுக்கிப் பில் போடும் இடத்தில் விட்டுவிட்டு வருவதும் வேண்டாம். உருகிப்போன ஐஸ்கிரீமைத் துடைக்கப் போவது முதலாளி அல்ல.

முடிவு வந்ததை எப்படி அறிவது? உடன்பாடு எட்டிய உடனே ஊழியர்கள் வேலைக்குத் திரும்பி, அதை ஏற்பதா என்று அவர்கள் நடத்தும் வாக்கெடுப்பு பிறகு நடப்பதும் உண்டு. அந்த இடைவெளியில் சங்கம் சொல்வதே கணக்கு. வாங்கலாம் என்று அவர்கள் சொன்ன பிறகும் மாற்றுக் கடை பழகிவிட்டது என்று அங்கேயே தங்கிவிட்டால், அந்த நஷ்டம் வேலை நேரக் குறைப்பாக ஊழியர் மீதே இறங்கும். 2014 ஆகஸ்டு 28 அன்று காலை மார்க்கெட் பாஸ்கெட் கடைகளில் தட்டுகள் இன்னும் நிரம்பியிருக்கவில்லை. இருந்ததை வாங்கிக்கொண்டு போக வாடிக்கையாளர்கள் வந்தார்கள். நீங்களும் அன்றே போங்கள், கண்ணாடியில் உங்கள் பில் இன்னும் இருந்தால் உங்கள் கையாலேயே எடுத்துவிடுங்கள், புதிய பில்லின் படியை முன்பு கடிதம் எழுதிய அதே முகவரிக்கு அனுப்பி வையுங்கள்.