சாம்பிளையும் சேர்த்துக் கட்டி அனுப்புவது எப்படி

கணினியில் இசையமைக்கும் மென்பொருளான ஏபிள்டன் லைவில் பண்ணிய பாட்டை நண்பருக்கு அனுப்பினால், "ட்ராக் எல்லாம் வருது, சத்தம்தான் வரல" என்று பதில் வருவது வழக்கம். லைவ் சேமிக்கும் ஏஎல்எஸ் கோப்புக்குள் ஒலி கிடையாது. எந்த வேவ் (ஒலிக் கோப்பு) எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்ற முகவரிகள், வெட்டிய இடங்கள், வால்யூம் கோடுகள் இவ்வளவுதான் அதில் இருக்கும். அதனால்தான் முப்பது ட்ராக் பாட்டும் சில எம்பிக்குள் அடங்கிவிடுகிறது.

எல்லா மென்பொருளும் இப்படி இல்லை. ரெனாய்ஸ் என்ற இசை மென்பொருளின் எக்ஸ்ஆர்என்எஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப். பெயரின் வாலை .zip என மாற்றித் திறந்து பார்த்தால் சாம்பிள்கள் (பாட்டில் பயன்படுத்திய ஒலித் துண்டுகள்) உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அமிகா என்ற பழைய கணினியின் காலத்து ட்ராக்கர்கள் (ஸ்வரங்களை வரிசைப் பட்டியலாக எழுதும் இசை மென்பொருள்கள்) விட்டுப்போன நல்ல பழக்கம். மற்றவற்றில் நாம்தான் மூட்டை கட்ட வேண்டும்.

லைவில் முதலில் செட்டை (பாட்டுக் கோப்பை) ஒரு முறை சேமியுங்கள். பிறகு ஃபைல் மெனுவில் "கலெக்ட் ஆல் அண்ட் சேவ்". நான்கு கேள்விகள் வரும்: வேறு இடங்களில் உள்ள கோப்புகள், வேறு ப்ராஜெக்ட்டுகளில் உள்ளவை, யூசர் லைப்ரரியில் உள்ளவை, ஃபேக்டரி பேக்குகளில் (ஏபிள்டன் தரும் ஒலித் தொகுப்புகளில்) உள்ளவை. முதல் மூன்றுக்கும் யோசிக்காமல் "எஸ்". நான்காவதை நண்பரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அதே பேக் நண்பரிடமும் இருந்தால் "நோ" போதும், இல்லாவிட்டால் "எஸ்". பல அடுக்கு சாம்பிள் கொண்ட ஒரு பியானோ பேக் மட்டுமே மூட்டையைப் பல மடங்கு பெருக்கிவிடும். சேகரித்தவை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் "சாம்பிள்ஸ்", அதற்குள் "இம்போர்ட்டட்" என்ற இடத்தில் வந்து சேரும்.

இங்கே ஒரு பொறி உண்டு. லைவ் முழுக் கோப்பையும் நகலெடுக்கும். ஒரு மணி நேரக் கோவில் திருவிழாப் பதிவிலிருந்து நான்கு விநாடி தவில் மட்டும் எடுத்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரமும் கூடவே போகும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. ஒரு மணிக்கு 1 ஜிபியைத் தாண்டும். சேகரிப்பதற்கு முன்பே அந்தக் கிளிப்பை வலது கிளிக் செய்து "கிராப்" கொடுங்கள். தேவையான துண்டு மட்டும் புதுக் கோப்பாக எழுதப்படும்.

எஃப்எல் ஸ்டுடியோவில் வேலை சுருக்கம்: ஃபைல், எக்ஸ்போர்ட், "ஜிப்டு லூப் பேக்கேஜ்". ரீப்பரில் "சேவ் ப்ராஜெக்ட் ஆஸ்" பெட்டியின் அடியில் ப்ராஜெக்ட்டுக்குத் தனி ஃபோல்டர் உருவாக்கவும், மீடியாவை எல்லாம் அதற்குள் நகலெடுக்கவும் இரண்டு டிக் இருக்கும், இரண்டையும் போடுங்கள். "மூவ்" வேண்டாம், "காப்பி"தான். மூவ் செய்தால் அதே கோப்பை நம்பியிருக்கும் உங்கள் வேறு பாட்டு ஊமையாகிவிடும். ரீப்பரின் ஆர்பிபி வெற்று எழுத்துக் கோப்பு என்பதால் நோட்பேடிலேயே சரிபார்க்கலாம். "ஃபைல்" என்று தொடங்கும் வரிகளில் டிரைவ் எழுத்தோடு (சி:, டி: போல) ஏதாவது முகவரி தெரிந்தால், அந்த ஒலி இன்னும் உங்கள் கணினியை விட்டுக் கிளம்பவில்லை.

எந்தப் பொத்தானாலும் வராதது ஒன்று: கான்டாக்ட் போன்ற வெளி பிளக்இன்களின் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் தனிக் கருவிகளின்) ஒலி லைப்ரரி. அது பிளக்இன் வைத்திருக்கும் கணக்கு, லைவுக்கோ எஃப்எல்லுக்கோ அது தெரியாது. அந்த ட்ராக்குகளை ஆடியோவாக ரெண்டர் செய்து பக்கத்திலேயே வையுங்கள். மிடி ட்ராக்கை (ஒலி இல்லாமல் ஸ்வரக் குறிப்புகள் மட்டும் உள்ள ட்ராக்கை) அழிக்காமல் அணைத்து மட்டும் வைத்தால், அதே பிளக்இன் உள்ளவர் ஸ்வரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் கவனம். விண்டோஸுக்கு கேள்விக்குறி, நட்சத்திரக் குறி, முக்காற்புள்ளி ஆகாது. லினக்ஸில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு வம்பு: "கொம்பு" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் வட்டு வடிவம் பிரித்து வைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், மென்பொருளுக்கோ வேறு வேறு பெயர். "கோப்பு இல்லை" என்று அடம்பிடிக்கும். சாம்பிளுக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு போதும். தமிழ்ப் பெயர் பாட்டுக்கு இருக்கட்டும். பெயர் மாற்றுவதென்றால் சேகரிப்பதற்கு முன்பே மாற்றுங்கள், பிறகு மாற்றினால் முகவரி உடையும்.

இடம் மிச்சம் பிடிக்க வேவை எம்பி3 ஆக்க வேண்டாம். எம்பி3 கோப்பின் தலையில் சிறு அமைதி சேர்வதால் லூப் தாளத்திலிருந்து நழுவும்.

இனி முழு ஃபோல்டரையும் ஜிப் செய்யுங்கள். ஜிப் வேவை அதிகம் சுருக்காது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுவதற்குத்தான் அது. ஜிமெயில் இணைப்பு 25 எம்பியோடு நின்றுவிடும். கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புவது சுலபம்.

அனுப்புமுன் ஒரு சோதனை. உங்கள் சாம்பிள் ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றுங்கள், வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். ஜிப்பை டெஸ்க்டாப்பில் பிரித்து அங்கிருந்து திறங்கள். லைவில் கீழே ஆரஞ்சு நிறத்தில் எச்சரிக்கை வந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொடுக்கினால் எது என்று பட்டியல் வரும்.

ஜிப்போடு ஒரு சின்னக் குறிப்புக் கோப்பும், பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று காட்ட ஓர் எம்பி3யும் வையுங்கள். குறிப்பில் மென்பொருளின் பதிப்பு எண் (புதிய லைவில் சேமித்த செட்டைப் பழைய லைவ் திறக்காது), பிபிஎம் (பாட்டின் வேகம்), சாம்பிள் ரேட் (48 கிலோஹெர்ட்ஸ் போல), வெளி பிளக்இன்களின் பெயர். கடைசி வரியாக இதையும் எழுதுங்கள்: "ஜிப்புக்குள்ளேயே டபுள் கிளிக் செய்யாதீர்கள், முழுசாகப் பிரித்துவிட்டுத் திறங்கள்." விண்டோஸில் அப்படிச் சொடுக்கினால் ப்ராஜெக்ட் கோப்பு மட்டும் தற்காலிக ஃபோல்டருக்குப் போகும், சாம்பிள்கள் ஜிப்புக்குள்ளேயே தங்கிவிடும். மறுபடியும் "சத்தம் வரல" என்றுதான் செய்தி வரும்.