சோலார் கருவி வாங்குகிறீர்களா? வாடிக்கையாளர் சேவை சொல்லும் பதிலைச் சரிபார்க்கும் முறை

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டருடன் ஒரு சோலார் பேனலைச் சேர்க்க நினைப்பவர், விற்பனை நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, 'இந்த பேனல் என் இன்வெர்ட்டருக்குப் பொருந்துமா?' என்றுதான் முதலில் கேட்கிறார். 'எல்லாத்துக்கும் செட் ஆகும் சார், தைரியமா வாங்கிப் போடுங்க' என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. சொல்பவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. விலைப்பட்டியலையும் கையிருப்பையும் பார்த்துப் பேசுகிறவருக்கு, உங்கள் வீட்டு பேட்டரி எத்தனை வோல்ட், அது எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. பல நேரங்களில் அவர் அதைக் கேட்பதுகூட இல்லை. எனவே அவர் சொல்லும் ஒவ்வொரு பதிலையும் ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண்ணைக் கருவியின் விவரத்தாளோடு (தயாரிப்பாளர் வெளியிடும் அளவுக் குறிப்பு) ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் செலுத்த வேண்டும். அதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. பெருக்கலும் வகுத்தலும் போதும்.

தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாகக் காணப்படும் ஓர் அமைப்பையே இங்கே எடுத்துக்கொள்வோம்: 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி திறன் கொண்ட ஒற்றை டியூபுலர் (ஈய அமில வகை) பேட்டரி, அதற்கேற்ற ஓர் இன்வெர்ட்டர். இதனுடன் 540 வாட் பேனல் ஒன்றை இணைக்கலாமா என்பது கேள்வி.

படி 1: அழைப்பதற்கு முன் வீட்டுக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள்

மின்தடையின்போது எவையெல்லாம் ஓட வேண்டும் என்று முதலில் பட்டியலிடுங்கள். சாதாரண மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட் என்று வைத்தால் மூன்றுக்கு 225 வாட்; 9 வாட் எல்இடி விளக்குகள் ஐந்துக்கு 45 வாட்; மொத்தம் 270 வாட். பேட்டரியில் இருப்பது 150 பெருக்கல் 12, அதாவது 1,800 வாட்-மணி. ஈய அமில பேட்டரியை முழுவதும் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால், 60 விழுக்காட்டை மட்டும் பயன்படுத்துவதாகக் கொண்டால் 1,080 வாட்-மணி கிடைக்கும். இன்வெர்ட்டரில் வீணாகும் 15 விழுக்காட்டைக் கழித்தால் கையில் நிற்பது சுமார் 920. இதை 270-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். இந்தக் கணக்கு கையில் இருந்தால், 'எட்டு மணி நேரம் தாராளமா ஓடும்' என்று ஒருவர் சொல்லும்போது, அது எந்தச் சுமைக்கு என்று திருப்பிக் கேட்க முடியும்.

இன்வெர்ட்டரின் பெயரோடு வரும் 900 என்பது பெரும்பாலும் விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய அளவு), வாட் அன்று. திறன் காரணி, அதாவது விஏ-இல் வாட்டாகக் கிடைக்கும் பங்கு, 0.8 என்றால் அது தாங்குவது 720 வாட்தான். குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார் போன்றவை தொடங்கும் நொடியில் அவற்றின் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படி 2: மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, விவரத்தாளைத் தேடி எடுங்கள்

'540 வாட் மோனோ பேனல்' என்பது ஒரு வகையைச் சொல்கிறதே தவிர ஒரு பொருளைச் சொல்லவில்லை. பேனல், அதன் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி பேட்டரிக்கு அனுப்பும் சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி ஆகிய மூன்றின் முழு மாடல் எண்களையும் கேளுங்கள். மாடல் எண் தர மறுக்கும் கடையில் மேற்கொண்டு பேசுவதில் பயன் இல்லை என்பது என் கருத்து. எண் கிடைத்ததும், விற்பவர் அனுப்பும் படத்தை நம்பியிராமல், தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்தே விவரத்தாளை இறக்கிக்கொள்ளுங்கள். பேனலின் விவரத்தாளில் விஓசி எனப்படும் திறந்த சுற்று மின்னழுத்தம் (எதனோடும் இணைக்காதபோது பேனல் முனைகளில் இருப்பது), உச்சத் திறனில் கிடைக்கும் மின்னழுத்தம், உச்சத் திறனில் கிடைக்கும் மின்னோட்டம், வெப்பநிலைக் குணகம் (ஒவ்வொரு டிகிரிக்கும் திறனும் மின்னழுத்தமும் எத்தனை விழுக்காடு மாறும் என்பது) ஆகிய நான்கு எண்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மற்றவற்றை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இந்த எண்கள் சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியிலும், பேனல் செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போதும் ஆய்வகத்தில் அளக்கப்பட்டவை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கிடக்கும் பேனல் 65 டிகிரியை எட்டக்கூடும். திறனுக்கான வெப்பநிலைக் குணகம் டிகிரிக்கு 0.35 விழுக்காடு குறைவு என்றிருந்தால், 40 டிகிரி கூடுதலுக்கு 14 விழுக்காடு போய்விடும். 540 வாட் பேனல் 464 வாட் அளவுக்கு இறங்கிவிடும். 'வெயில் கூடினா கரண்ட்டும் கூடும்' என்று சேவை மையத்தில் சொன்னால், ஒளி கூடுவதும் வெப்பம் கூடுவதும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

படி 3: பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்

பொருந்தாத அறிவுரையால் அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான் என்பதால் இங்கே சற்று நிதானிப்போம். வழக்கமான 540 வாட் பேனலின் உச்சத் திறன் மின்னழுத்தம் ஏறக்குறைய 41.5 வோல்ட்; மின்னோட்டம் ஏறக்குறைய 13 ஆம்பியர். சார்ஜ் கன்ட்ரோலர்களில் பிடபிள்யூஎம், எம்பிபிடி என இரண்டு வகைகள் உண்டு. பிடபிள்யூஎம் வகை, பேனலை பேட்டரியோடு நேரடியாக இணைத்தும் துண்டித்தும் வேலை செய்வது. இணைந்திருக்கும்போது பேனலின் மின்னழுத்தம் பேட்டரியின் மின்னழுத்தத்துக்கே இழுக்கப்பட்டுவிடும். 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 13 வோல்ட் என்று கொண்டால், கிடைப்பது 13 வோல்ட் பெருக்கல் 13 ஆம்பியர், அதாவது சுமார் 170 வாட். 540 வாட்டுக்குப் பணம் கொடுத்தவர் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடப் பெறுவதில்லை. எம்பிபிடி வகையோ, கூடுதலான மின்னழுத்தத்தைக் கூடுதல் மின்னோட்டமாக மாற்றித் தரும். விலையும் அதற்கேற்ப அதிகம்.

'கன்ட்ரோலர்ல எம்பிபிடின்னு போட்டிருக்கு' என்ற பதிலும் போதாது. மிக மலிவான சில கருவிகளின் அட்டையில் அந்த எழுத்துகள் இருந்தாலும் உள்ளே இருப்பது பிடபிள்யூஎம் சுற்றாகவே இருக்கக்கூடும். பேனல் பக்கம் எத்தனை வோல்ட் வரை தாங்கும், பேட்டரி பக்கம் எத்தனை ஆம்பியர் வரை தரும் என்று இரண்டு எண்களையும் தனித்தனியே குறிப்பிடும் விவரத்தாள் அந்தக் கருவிக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, தாங்கும் மின்னழுத்தம். இந்த பேனலின் விஓசி 49.5 வோல்ட் என்றும், கன்ட்ரோலர் தாங்குவது 50 வோல்ட் என்றும் வைத்துக்கொள்வோம். தொலைபேசியில் கேட்டால், 49.5 என்பது 50-ஐ விடக் குறைவுதானே, பிரச்சினை இல்லை என்பார்கள். ஆனால் விஓசி குளிரில் ஏறும். விஓசிக்கான வெப்பநிலைக் குணகம் டிகிரிக்கு 0.27 விழுக்காடு என்றால், மார்கழிக் காலையில் செல் 20 டிகிரியில் இருக்கும்போதே விஓசி 50.2 வோல்ட்டை எட்டிவிடும். உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ 5 டிகிரிக்கு இறங்கினால் 52 வோல்ட்டைத் தாண்டும். வரம்பை மீறிய மின்னழுத்தத்தால் எரிந்த கன்ட்ரோலருக்கு வாரண்டி கிடைப்பது அரிது. எனவே உங்கள் ஊரின் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு விஓசியைக் கணக்கிட்டு, அதற்கு மேலும் சிறிது இடைவெளி இருக்கும்படி கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுங்கள். இதே பேனல்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் 99 வோல்ட் ஆகும் என்பதால், 100 வோல்ட் கன்ட்ரோலருக்கும் இதே சிக்கல் வரும்.

படி 4: பேட்டரியின் பக்கத்திலிருந்தும் கேளுங்கள்

நல்ல எம்பிபிடி கன்ட்ரோலரை வாங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 540 வாட்டை பேட்டரியின் 13 வோல்ட்டால் வகுத்தால் 41 ஆம்பியருக்கு மேல் வருகிறது. டியூபுலர் ஈய அமில பேட்டரிக்கு அதன் ஆம்பியர்-மணித் திறனில் 10 முதல் 15 விழுக்காடு அளவிலான சார்ஜ் மின்னோட்டமே வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுகிறது; 150 ஆம்பியர்-மணிக்கு அது 15 முதல் 22 ஆம்பியர். உச்ச வரம்பு எவ்வளவு என்பதை பேட்டரியின் விவரத்தாளே சொல்லும். பகலில் வேறு சுமை எதுவும் ஓடாவிட்டால், 40 ஆம்பியர் முழுவதும் பேட்டரிக்குள் போய் அதைச் சூடாக்கும். நீர் விரைவில் வற்றும். ஆகவே ஒற்றை பேட்டரி வீட்டுக்கு 540 வாட் பேனல் தேவையைவிடப் பெரியது. 36 செல்கள் கொண்ட, விஓசி 22 வோல்ட் அளவிலான 160 வாட் பேனல்கள் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால், சாதாரண பிடபிள்யூஎம் கன்ட்ரோலரிலேயே ஏறக்குறைய 18 ஆம்பியர் கிடைக்கும், செலவும் குறையும். பெரிய பேனலுக்கு வாட் கணக்கில் விலை குறைவு என்பது உண்மைதான் என்றாலும், பயன்படாத வாட்டுக்கு எந்த விலையும் அதிகமே.

பேட்டரி வாங்கும்போது சி10, சி20 என்ற குறியீட்டையும் பார்க்க வேண்டும். 150 ஆம்பியர்-மணியை 10 மணி நேரத்தில் தரக்கூடியது சி10. அதையே 20 மணி நேரத்தில் தருவது சி20. சோலாருக்கென்று விற்கப்படுபவை பெரும்பாலும் சி10. 'ரெண்டும் ஒண்ணுதான்' என்ற பதில் தவறு.

படி 5: விடை தெரிந்த ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்

இதுவரை செய்த கணக்குகளிலிருந்து ஒன்றை எடுத்து, தெரியாதவர் போலச் சேவை மையத்தில் கேட்டுப் பாருங்கள். 'ஒரு 12 வோல்ட் பேட்டரிக்கு பிடபிள்யூஎம் கன்ட்ரோலரில் 540 வாட் பேனல் போட்டால் எத்தனை வாட் கிடைக்கும்?' என்பது நல்ல கேள்வி. 540 என்று தயங்காமல் சொல்பவரின் மற்ற பதில்களையும் அதே தராசில் வைக்கலாம். 'தெரியவில்லை, தொழில்நுட்பப் பிரிவில் கேட்டுச் சொல்கிறேன்' என்பவரை நான் அதிகம் நம்புவேன்.

படி 6: பதிலை எழுத்தில் வாங்குங்கள்

தொலைபேசியில் சொன்னதைப் பிறகு மறுப்பது எளிது. பேசி முடித்ததும் மின்னஞ்சலில் இப்படி எழுதுங்கள்: 'இன்று தங்கள் சேவை மையத்தில் பேசியபோது, (மாடல் எண்) பேனலை (மாடல் எண்) கன்ட்ரோலர் வழியாக என்னுடைய 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியுடன் இணைக்கலாம் என்று தெரிவித்தீர்கள். இந்த இணைப்பில் பேட்டரிக்குச் செல்லும் அதிகபட்ச மின்னோட்டம் எவ்வளவு என்பதையும், இவ்வாறு இணைப்பதால் எந்தக் கருவியின் வாரண்டியும் பாதிக்கப்படாது என்பதையும் உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பதிலைப் பெற்ற பின் பணம் செலுத்துவேன்.' கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரிடம் உங்கள் கடிதத்தைக் கொண்டுசேர்ப்பது அதுவே.

படி 7: மின்வாரிய இணைப்புள்ள அமைப்பு என்றால் இவற்றையும் சரிபாருங்கள்

பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பை விற்பவர்கள் சிலர், மின்சாரம் போனாலும் பகலில் வீடு ஓடும் என்கிறார்கள். ஓடாது. கம்பத்தில் வேலை செய்யும் மின் ஊழியருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக, வெளி மின்சாரம் நின்றவுடன் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. மின்தடையிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியுடன் கூடிய ஹைப்ரிட் அமைப்பு தேவை.

உற்பத்தியைப் பொறுத்தவரை, ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்று கணக்கிடுவது நியாயமானது. ஆண்டு முழுவதும் 6 யூனிட் என்று சொல்பவரிடம் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். 2024-இல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் என்ற வீட்டுக்கூரை சோலார் திட்டத்தில் ஒரு வீட்டுக்கான மத்திய அரசு மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். 5 கிலோவாட் போட்டால் மானியமும் கூடும் என்பது தவறான தகவல். உள்நாட்டில் தயாரான செல்களைக் கொண்ட, டிசிஆர் எனப்படும் பேனல்களுக்கே இந்த மானியம் உண்டு என்பதால், விலைப்புள்ளியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அமைப்பு இயங்கத் தொடங்கிய பின், மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். மேலே சொன்ன வீட்டு இன்வெர்ட்டர் இணைப்புக்கு அது கிடையாது. சோலார் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்ததையும் பழைய விலைப்புள்ளிகளில் கவனியுங்கள்.

படி 8: வாரண்டி, பொருத்தும் நாள், புகார்

'25 வருஷம் வாரண்டி' என்பது பெரும்பாலும் பேனலின் உற்பத்தித் திறன் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாது என்பதற்கான உறுதி. கண்ணாடி, சட்டம், இணைப்புப் பெட்டி ஆகியவற்றுக்கான பொருள் வாரண்டி வேறு, அதன் காலமும் குறைவு. இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் தனித்தனி ஆண்டுகள். பழுதானதைக் கழற்றி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

பொருத்தும் நாளில் ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும் படம் எடுத்து, பில்லில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கன்ட்ரோலரில் இணைப்பதற்கு முன் பேனல் முனைகளின் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். விவரத்தாளின் விஓசிக்கு அருகில் அது வர வேண்டும். பிறகு நல்ல வெயிலில், பேட்டரி ஓரளவு இறங்கியிருக்கும்போது, அதற்குள் செல்லும் ஆம்பியரைக் கிளாம்ப் மீட்டரில் பார்த்து, மின்னஞ்சலில் உறுதி செய்யப்பட்ட எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்து, நிறுவனம் கைவிரித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பில், விவரத்தாள், வரிசை எண் படங்கள், அளந்து எழுதிய ஆம்பியர் குறிப்பு, சேவை மையம் அனுப்பிய பதில் மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களைப் புகாருடன் இணைத்து அனுப்புங்கள்.