லிங்ஸி காளான் பொடி வாங்கும் முன்

சீன மருத்துவத்தில் லிங்ஸி காளானை அப்படியே தின்பதில்லை. மரக்கட்டை போல இருக்கும், கசப்பும் அதிகம். துண்டு போட்டு நீண்ட நேரம் கொதிக்கவைத்துக் பெரும்பாலும் கஷாயமாகத்தான் குடிப்பார்கள்.

இப்போது பொடியாகவும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. தானியத்தில் வளர்த்த காளான் இழைகளைத் தானியத்தோடு சேர்த்தே அரைத்து விற்பதும் உண்டு. லேபிளில் ‘பாலிசாக்கரைடு’ (கூட்டுச் சர்க்கரை) அளவை நம்பாதீர்கள், தானியத்தின் மாவுச்சத்தும் அதில்தான் சேரும். காளானின் செல்சுவரில் இருக்கும் நார்ச்சத்தான பீட்டா குளுக்கான் அளவைப் பாருங்கள். சந்தேகமா? சிட்டிகைப் பொடியைக் கொதிக்கவைத்து, ஆறியபின் வடிகட்டி, ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது. அந்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

அப்புறம் முக்கியமானது: வார்ஃபரின் போல ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.