அப்பத்தா வளர்க்கும் பிள்ளைகளுக்கு உதவப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனிலிருந்து தொண்டி வரை எந்தக் கடற்கரை ஊருக்குப் போனாலும் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஓர் அப்பத்தாவையோ அம்மாச்சியையோ பார்க்கலாம். அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, அல்லது இலங்கைச் சிறையில் இருக்கிறார். அம்மா வளைகுடாவில் வீட்டுவேலை செய்கிறார். சில வீடுகளில் சித்தப்பாவும் சித்தியும் தங்கள் மூன்று பிள்ளைகளோடு அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்து வளர்க்கிறார்கள். இவர்களுக்கு முதலில் ஓடி வருவது பங்குக் கோயிலும் ஜமாஅத்தும் ஊர்க் கமிட்டியும்தான். நல்லது. ஆனால் எங்கள் பங்கின் உதவிக் கணக்கைச் சில வருடமாக எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: நாம் பிள்ளையைப் பார்க்கிறோம், பிள்ளையைச் சுமக்கிறவரைப் பார்ப்பதில்லை.

துக்க வீட்டுக்கு முதல் நாற்பது நாள் அரிசி மூட்டை வந்து குவியும். அப்புறம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ரமலானில் ஜகாத் வரும், கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி வரும். இடையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சித்தப்பா விசைப்படகில் போகிறவர் என்றால் அந்த இரண்டு மாதமும் கூலி கிடையாது. தடை முடியும் நேரத்தில் பள்ளியும் திறக்கிறது. நோட்டு, செருப்பு, வேன் காசு எல்லாம் அப்போதுதான் ஒன்றாக வந்து நிற்கும். மொத்தமாகக் கொடுப்பதை மாதாமாதம் பிரித்துக் கொடுத்து, அந்த இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும். மூன்று அமைப்புகள் ஒன்றோடொன்று பேசாமல் கொடுத்ததில் ஒரே பையனிடம் நான்கு ஸ்கூல் பேக் சேர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். அவன் பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

பணம் மட்டுமே உதவி என்று நினைப்பதும் தவறுதான். அப்பத்தா கடல்பாசி எடுக்கப் போகும் நாளில் சின்னதைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர், ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் மாலை வரை வீட்டில் இருக்க ஒருத்தர், பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் கூடப் போக ஒருத்தர். அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் கூடும் சிறு கூட்டம்) இதைக் கேட்டுப் பாருங்கள், ஆள் வரும். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அரசு உதவி விஷயத்தில் நடக்கும் குழப்பம் பெரியது. தத்து, வளர்ப்புப் பராமரிப்பு, உறவினர் வளர்ப்பு மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி வளர்ப்புப் பராமரிப்பு (ஃபாஸ்டர் கேர்) என்பது சொந்தமில்லாத ஒரு குடும்பத்தில் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டுப் பிள்ளையை விடுவது. அப்பத்தாவுக்கும் சித்தப்பாவுக்கும் அது பொருந்தாது. அவர்கள் கேட்க வேண்டியது நிதி ஆதரவு (ஸ்பான்சர்ஷிப்). மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அது பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமமானால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தமிழக அரசின் அன்புக்கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது, அதில் மாதம் 2,000 ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒருவரை இழந்து, இன்னொருவரால் வளர்க்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கும் உண்டு. இரண்டுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். ஆனால் "கண்டிப்பா கிடைச்சிரும்" என்று பாட்டியிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நம் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கடலில் காணாமல் போனவருக்கு உடல் கிடைக்காவிட்டால் மரணச் சான்று எளிதில் வராது. பொதுவாக ஏழு வருடம் தகவல் இல்லாதிருந்தால்தான் இறந்ததாகச் சட்டம் கருதும். அதனால் "சான்று இல்லை, விண்ணப்பமே வேண்டாம்" என்று ஊரிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதை முடிவு செய்ய வேண்டியது அலுவலகம், நாம் அல்ல. காவல் நிலையப் புகார் நகல், மீன்வளத் துறைக்குக் கொடுத்த மனு, பள்ளிச் சான்று, பிள்ளை பெயர் ஏறிய ரேஷன் கார்டு, பிள்ளையின் வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்து, கூடவே ஒருவர் போய் நின்றால் பாட்டி பாதி வழியில் திரும்பி வரமாட்டார்.

சரி, நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் பள்ளி திறப்புக்கு மேடை போட்டு, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதற்குப் பிறகு உதவி வாங்க வரவே இல்லை. அவளுடைய அம்மாச்சிதான் சொன்னார், "கூடப் படிக்கிற பிள்ளைக சிரிக்குதாம்யா." பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை என்று சட்டம் சொல்லும் பிள்ளையின் பெயரையோ படத்தையோ ஊரையோ வெளியிடுவது அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம்கூட. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இப்போது வீட்டுக்குப் போய்க் கவரில் கொடுக்கிறோம்.

அடுத்தது முத்திரைத்தாள். பிள்ளையில்லாத தம்பதிக்குப் பெரியவர்கள் முன்னால் எழுதி வாங்கிப் பிள்ளையைக் கொடுப்பது. சாமி சன்னிதியிலோ ஜமாஅத் லெட்டர்பேடிலோ எழுதினாலும் அது செல்லாது. ஆதரவற்ற பிள்ளையைச் சட்ட நடைமுறை இல்லாமல் தத்துக் கொடுப்பவரும் வாங்குபவரும் மூன்று வருடம் வரை சிறைக்குப் போகலாம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் போட்டால் வழி சொல்வார்கள்.

"ஹாஸ்டலில் சேர்த்துவிடலாமே" என்பதும் அவசர யோசனைதான். பதிவு பெற்ற இல்லமாக இருந்தாலும், இல்லம் கடைசி வழி என்பதே சட்டத்தின் நோக்கம். அண்ணனை ஓர் ஊரிலும் தங்கையை இன்னோர் ஊரிலும் விடச் செலவழிக்கும் பணத்தில் பாதியை அப்பத்தாவிடம் கொடுத்தால் இரண்டும் ஒரே வீட்டில் வளரும்.

உதவியோடு நிபந்தனை கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பூசைக்கு வந்தால்தான் அரிசி என்றால் அது உதவி இல்லை. வளர்க்கும் பிள்ளைக்கு அதன் தகப்பன் பெயரே இருக்க வேண்டும், அநாதையின் சொத்தைத் தொடக்கூடாது என்று குர்ஆன் கண்டிப்பாகச் சொல்கிறது. அந்த இரண்டாவதை எல்லா மதத்தாரும் எடுத்துக்கொள்ளலாம். இழப்பீட்டுப் பணம் படகுக் கடனுக்குப் போய்விடுவது இங்கே சாதாரணம். அது பிள்ளை பேரில் வைப்புத்தொகையாகப் போகிறதா என்று கமிட்டி கேட்டாலே பாதி பிரச்சினை தீரும்.

எல்லோரும் விட்டுவிடுகிற கேள்வி, அப்பத்தாவுக்குப் பிறகு யார்? கேட்கச் சங்கடமாக இருக்கும். துக்க வீட்டில் கேட்காதீர்கள், ஆறேழு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வலை பின்னும் திண்ணையில் கேளுங்கள். பெரும்பாலும் அவர் மனசில் ஓர் ஆள் இருக்கும். அத்தையோ, மதுரையில் இருக்கும் மாமாவோ. அந்த ஆளிடம் இப்போதே பேசி, பிள்ளை விடுமுறைக்கு அங்கே போய் வரத் தொடங்கட்டும். பஸ் காசு உங்கள் நிதியிலிருந்து போகட்டும்.