துளை போடாமல் கித்தாருக்கு ஒரு பிக்அப்: எதைப் பார்த்து வாங்குவது?

செந்தூலில் எங்கள் பஜனைக் குழுவுக்கு அக்கூஸ்டிக் கித்தார் வாசிக்கிறேன். முன்னால் மைக் வைத்தால் கித்தாரைவிடப் பக்கத்து டோலக்தான் அதில் அதிகம் விழும். அதனால், கித்தாரின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்அப்பில், ஒலித்துளையில் மாட்டி, வேண்டாதபோது கழற்றி வைக்கும் வகையைத் தேடிப் போனேன்.

முதலில் கம்பியைப் பாருங்கள். நைலான் கம்பி என்றால் இந்த வகை வேண்டாம். இவை பெரும்பாலும் காந்த பிக்அப்கள். மேலே எஃகு அசைந்தால்தான் சத்தம் வரும். நைலானுக்கு, பலகையில் ஒட்டி அதன் அதிர்வை எடுக்கும் பீசோ பிக்அப்தான் சரி.

அப்புறம் துளையின் அளவு. பல கித்தார்களில் விட்டம் சுமார் 100 மி.மீ. இருக்கும். அளந்ததோடு விடாமல், விரலை உள்ளே விட்டு விளிம்பின் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். கவ்வி பிடிக்கும் இடத்திலேயே தாங்குகட்டை ஓடினால் எவ்வளவு நல்ல பிக்அப் வாங்கினாலும் நிற்காது.

சிங்கிள் காயிலா (ஒரே கம்பிச்சுருள்), ஹம்பக்கரா (இரைச்சலை அடக்க இரண்டு சுருள்)? கொஞ்சம் கூடுதல் ரிங்கிட் போனாலும் ஹம்பக்கர் என்பேன். நம் கோயில் மண்டபங்களில் சீரியல் விளக்கும் டிம்மரும் இல்லாத மேடை ஏது? மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை சிங்கிள் காயில் அப்படியே வாங்கிக் கொடுக்கும். ஃபிஷ்மேன் நியோ-டி இரண்டு வகையிலும் வருகிறது. பெட்டியில் எது என்று படித்துவிட்டு வாங்குங்கள். கித்தார் உடலைத் தட்டித் தாளம் போடுகிறவர்களுக்கு எல்.ஆர். பேக்ஸ் எம்1 பொருந்தும். அது கம்பியோடு உடலின் அதிர்வையும் எடுக்கும்.

பேட்டரி இல்லாத பிக்அப்பை மிக்சரின் மைக் வழியில் நேராகச் செருகினால் ஒலி மங்கி, சேறு பூசியதுபோல் வரும். ஹை-இசட் (கித்தாரை நேராகச் செருகும் வழி) என்று எழுதியது இருந்தால் அதில் செருகுங்கள். இல்லையென்றால் ஆக்டிவ் டிஐ பாக்ஸ் ஒன்று வேண்டும், அதாவது பிக்அப்பின் சமிக்ஞையை மைக் வழிக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி. சவுண்ட் சிஸ்டம்காரரிடம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், சொந்தமாக வைத்திருங்கள்.

மாட்டுவது எளிது. கம்பிகளைத் தளர்த்தி, பிக்அப்பை நுழைத்து, திருகைக் கைவிரல் பலத்தில் மட்டும் இறுக்குங்கள். ஒயரைத் துளை வழியே வெளியே எடுத்து வார் பொத்தானில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், யாராவது மிதித்தாலும் பிக்அப் பிடுங்கிக்கொண்டு வராது.

பலர் "பிக்அப் மட்டம்" என்று விற்றுவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். செருகி வாசித்தால் இரண்டாம் கம்பி, அதாவது பி, மற்றவற்றை அமுக்கிக்கொண்டு கத்தும். பழுது எதுவும் இல்லை. தடித்த நான்கு கம்பிகளின் மேல் சுற்றியிருக்கும் வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்ளாது. உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு மட்டும்தான் கணக்கு. மெல்லிய மற்ற இரண்டு கம்பிகளும் முழு எஃகு. அதிலும் பி தடிமன் கூடியது.

பிக்அப்பில் ஒவ்வொரு கம்பிக்கும் சிறு திருகு இருந்தால் பி-க்குக் கீழ் உள்ளதைக் கால் சுற்றாக இறக்குங்கள். ஆம்பில் டோன் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, ஆறு கம்பிகளையும் ஒரே பலத்தில் தட்டிக் கேளுங்கள். மறுபடி கால் சுற்று. அவசரப்படாதீர்கள். திருகு இல்லாத மாடலில், மெல்லிய கம்பிகளின் பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். எலக்ட்ரிக் கித்தாரின் நிக்கல் கம்பி போட்டாலும் சமமாகும், ஆனால் ஒயர் இல்லாமல் வாசிக்கும்போது அந்த வெண்கல மினுக்கு போய்விடும். எனக்கு அது பிடிக்கவில்லை.

பிறகு சேர்த்தது: கிள்ளானிலிருந்து ஒரு தம்பி, தடித்த கம்பி பிக்அப்பில் பட்டுக் கரகரக்கிறது என்று எழுதியிருந்தார். உயரத்தைச் சரிபார்க்கும்போது கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் (ஒலித்துளைக்குப் பக்கத்து உலோகப் பட்டையில்) அழுத்திப் பிடியுங்கள் தம்பி, அப்போதும் இடைவெளி இருக்க வேண்டும். இன்னொருவர் பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பாலிஷ் கித்தார் வைத்திருக்கிறார். சில ரப்பர் வகைகள் அந்தப் பாலிஷைக் கரைத்துத் தடம் போட்டுவிடும். கவ்வியில் கார்க் இல்லை என்றால், வாசித்து முடித்ததும் கழற்றி உறையில் போடுங்கள்.