தரையில் ஹீட்டிங் போடும் முன் தரைக்குக் கீழே பாருங்கள்
(இங்கிலாந்தில் வீடு வாங்கும் வேலூர்ப் பக்கத்தவர்களுக்கு)

லீவுக்குக் காட்பாடி வந்திருக்கிறேன். நேற்று சாயங்காலம் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் பார்க்க வந்தார். வேலூரில் நர்சிங் படித்து, இங்கிலாந்து போய் நான்கு வருடம் ஆகிறது. லீட்ஸ் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கி, சாவி கைக்கு வந்த சூட்டோடு ஊருக்கு வந்திருக்கிறார்.

"அண்ணா, தரை ஐஸ் மாதிரி இருக்கு. கார்பெட்டை எடுத்துட்டு அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் போட்டுடலாம்னு இருக்கோம்."

"கீழ என்ன இருக்குன்னு பாத்தியாம்மா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. நானும் இங்கிலாந்தில் வாங்கிய என் முதல் வீட்டில் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கீழே முதலில் இருக்க வேண்டியது இன்சுலேஷன், அதாவது வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கு. வேலூர்க்காரர்களுக்கு அது புதிய விஷயம் இல்லை. எங்கள் வீட்டு மாடியில் பாதிக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி மேலே தட்டோடு பதித்திருக்கிறோம். மீதிப் பாதி வெறும் கான்கிரீட். அக்னி நட்சத்திரத்தில் இரவு பத்து மணிக்கு வெறும் கான்கிரீட்டின் கீழே உள்ள அறைக்குப் போனால் ஃபேன் அனல் காற்றைத்தான் தள்ளும். தட்டோடு போட்ட பக்கம் படுத்துத் தூங்கலாம். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு ஓடும். நடுவில் ஒரு தடுப்பு இருந்தால் மெதுவாக ஓடும். நம்மூரில் அது மேலேயிருந்து உள்ளே வருகிறது. அங்கே, நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய அறையிலிருந்து வெளியே போகிறது. தரை வழியாகவும் போகிறது.

கணக்கு என்று பார்த்தால் கூரையிலும் சுவரிலும் போகும் அளவுக்குத் தரையில் போவதில்லை. ஆகவே பரணில் 270 மி.மீ. கம்பளி இன்சுலேஷன் இல்லாவிட்டால் முதலில் அதைப் போடுங்கள், செலவும் குறைவு. ஆனால் நமக்குத் தரை முக்கியம். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்கிறோம், தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், குழந்தையைத் தரையில் விடுகிறோம். என் அம்மா ஒரு ஜனவரியில் வந்திருந்தபோது இரண்டு மாதமும் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் இருந்தார். ஒரு நாள்கூடக் கீழே உட்காரவில்லை.

சரி, முதல் வேலை: உங்கள் தரை எந்த வகை? வெளியே போய்ச் சுவரின் அடியைப் பாருங்கள். ஓட்டை ஓட்டையாகச் செங்கல் அளவில் ஒன்று தெரிந்தால் அது ஏர் பிரிக். உள்ளே பெரும்பாலும் பலகைத் தளம் என்று அர்த்தம்: கீழே வெற்றிடம், அதன் மேல் ஜாயிஸ்ட் என்று சொல்லும் மர விட்டங்கள், அதற்கும் மேல் பலகை. பழைய வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். முன்னறை பலகையாகவும், பின்னால் சேர்த்துக் கட்டிய சமையலறை கான்கிரீட்டாகவும் இருப்பது உண்டு.

அந்த ஏர் பிரிக்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். என் வீட்டில் எனக்கு முன் இருந்தவர், குளிர் வருகிறதே என்று சிமென்ட் பூசி அடைத்திருந்தார். எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது குளிர்காலத்தில் சாப்பாட்டு அறையின் சுவரோரம் தரை மெத்தென்று அமுங்கியது. பலகையைத் தூக்கினேன். மழையில் நனைந்த சாக்கு வாடை. விட்டத்தின் நுனியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன், வெந்த சேனைக்கிழங்கில் இறங்குவது போல இறங்கியது. மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டம்தான் அதைக் காய வைக்கிறது. ஏழு விட்டங்களின் நுனியை வெட்டி மாற்ற வேண்டியிருந்தது.

பலகைத் தளத்துக்கு என் தேர்வு மினரல் வுல், அதாவது கல்லையோ கண்ணாடியையோ உருக்கி இழையாக்கிய கம்பளி. விட்டங்களுக்கு நடுவே, விட்டத்தின் ஆழம் எவ்வளவோ அவ்வளவுக்கு இடைவெளியே இல்லாமல் நிரப்பி, கீழே சரியாதபடி ஈரத்தை வெளியே விடும் சவ்வாலோ வலையாலோ தாங்க வேண்டும். பிஐஆர் போர்டு என்னும் கெட்டி ஃபோம் பலகை அதே தடிமனில் கூடுதலாகத் தடுக்கும், உண்மைதான். ஆனால் நூறு வருடத்து விட்டங்கள் நேராக இருப்பதில்லை. போர்டை அறுத்துப் பொருத்தும்போது விரல் நுழையும் சந்து விழும், அது வழியாகக் குளிர் ஏறும். ஸ்ப்ரே ஃபோம் (பீய்ச்சியதும் உப்பி இறுகும் நுரை) அடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈரம் மரத்துக்குள் சிக்கிக்கொள்ளலாம், விட்டம் எப்படி இருக்கிறது என்று பிறகு பார்க்கவும் முடியாது, அடமானக் கடன் கொடுப்பவர்களும் தயங்குகிறார்கள். அப்புறம் ஒன்று, இன்சுலேஷன் போட்ட பிறகு கீழே உள்ள வெற்றிடம் இன்னும் குளிரும். அங்கே தண்ணீர்க் குழாய் போனால் அதற்கும் உறை போடுங்கள். மின்வயரைக் கம்பளிக்குள் புதைக்காதீர்கள், சூடேறும்.

பலகைகளுக்கு நடுவே உள்ள சந்துகளையும், சுவரோரச் சட்டம் தரையைத் தொடும் இடங்களையும் சீல் செய்ய மறக்க வேண்டாம். காற்று வீசும் நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சுவரோரமாக நகர்த்திப் பாருங்கள். புகை எங்கே வளைந்து ஓடுகிறதோ அங்கே சந்து இருக்கிறது. சில பவுண்டில் முடியும் இந்த வேலைக்குப் பிறகே பலருக்குத் தரைக் குளிர் பாதி குறைந்தது போலத் தெரியும்.

கான்கிரீட் தரையென்றால் மேலே பிஐஆர் போர்டு போடலாம். ஆனால் தரை உயரும். கதவுகளின் அடியை அறுக்க வேண்டும், படிக்கட்டின் முதல் படி குட்டையாகும். அல்லது பழைய தரையைத் தோண்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். தரையைப் பெரிய அளவில் பிரித்தால் கவுன்சிலில் கட்டட விதிகளைக் கவனிக்கும் பில்டிங் கன்ட்ரோலுக்குச் சொல்வது அவசியம். பழைய வீட்டுத் தரையை மேம்படுத்த அவர்கள் கேட்கும் யூ மதிப்பு (வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியே ஓடுகிறது என்பதன் அளவு, குறைந்தால் நல்லது) 0.25.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் ஹீட்டிங்.

அதில் இரண்டு வகை. மின்சாரப் பாய் (தரைக்கு அடியில் விரிக்கும், சூடேறும் வயர்) போடுவது எளிது, ஓட்டுவது செலவு. சதுர மீட்டருக்கு 150 வாட் என்று வைத்தால் 4 சதுர மீட்டர் குளியலறைக்கு 600 வாட். காலையில் இரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். பரவாயில்லை. அதையே 20 சதுர மீட்டர் ஹாலில் போட்டால் 3000 வாட். ஒரு யூனிட் மின்சாரம் அங்கே கேஸை விட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. குளியலறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வயரிங்கைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.

தண்ணீர்க் குழாய் வகைதான் பெரிய அறைகளுக்கு. 35 முதல் 45 டிகிரித் தண்ணீரே போதும், அதனால் வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தரும் ஹீட் பம்ப்போடு நன்றாகச் சேரும். தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது, மரத் தரையென்றால் 27. பாதத்துக்குச் சுடாது, இதமாக இருக்கும். ஆனால் ஸ்க்ரீடுக்குள் (தரைக்கு மேல் போடும் மணல் சிமென்ட் பூச்சு) புதைத்த குழாய் சூடேற மணிக்கணக்கில் ஆகும். ஷிப்ட் முடிந்து வந்து சுவிட்ச் போட்டு உடனே சூடு வேண்டும் என்றால் அது நடக்காது. குறைவான சூட்டில் தொடர்ந்து ஓட விட்டுவைக்க வேண்டும். 75 மி.மீ. மணல் சிமென்ட் ஸ்க்ரீட் முழுதாகக் காய ஏறக்குறைய 100 நாள். அதற்குள் மரத் தரை ஒட்டினால் அது உப்பிக் கிளம்பும். மேலே தடித்த கார்பெட் போட்டால் போட்ட காசு வீண். கீழே இன்சுலேஷன் இல்லாமல் குழாய் மட்டும் போட்டால் மண்ணுக்கும் சேர்த்துச் சூடேற்றுவீர்கள்.

செலவில் ஒரு சகாயம்: 2027 மார்ச் 31 வரை வீடுகளில் கான்ட்ராக்டர் பொருத்தித் தரும் இன்சுலேஷனுக்கு வாட் (VAT) என்னும் விற்பனை வரி இல்லை. பொருளை நீங்களே கடையில் வாங்கினால் 20 சதவீதம் உண்டு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரின் அனுமதி இல்லாமல் எதையும் பிரிக்காதீர்கள். ஊதுபத்திச் சோதனையும் தடித்த விரிப்பும் உங்களுக்குப் போதும்.

பேசிக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண் லீட்ஸில் இருக்கும் கணவருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார். நாங்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும் முன் படங்கள் வந்தன. சுவரைச் சுற்றி ஏர் பிரிக் ஆறு. நான்கு சுத்தமாக இருந்தன. பின்பக்கத்து இரண்டின் மேல் தோட்டத்து மண் குவிந்திருந்தது. "நாளைக்கே அந்த மண்ணை வெட்டி எடுக்கச் சொல்லும்மா, கொட்டேஷன் அப்புறம் கேக்கலாம்" என்றேன். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.